பிரெஞ்சு கேள்வி-பதில்: ‘பேச’ன்னு வந்தா ‘பார்லே’

கேள்வி: வணக்கம் மேடம், நான் புதுச்சேரி. வீட்டுக்காரர் பாரிஸ் பக்கத்துல வேலையில இருக்கார், அங்க போறதுக்காக பிரெஞ்சு கிளாஸ் போறேன், இப்பதான் ரெண்டு மாசம் ஆகுது. டிக்‌ஷனரில ‘பார்லே’ன்னு போட்டு பேசுறதுன்னு அர்த்தம் இருக்கு, ஆனா பாடத்துல ழெ பார்ல், நூ பார்லோன்னு மாறிக்கிட்டே இருக்கு. எழுதும்போது ஆறும் கிட்டத்தட்ட வேற வேற, டீச்சர் படிச்சா பாதி ஒரே மாதிரி கேக்குது, என் காதுலதான் ஏதாவது கோளாறா? ‘எனக்கு பேசப் பிடிக்கும்’ங்கிறதுக்கு ‘ழெம் பார்ல்’னு எழுதினதை தப்புன்னு சுழிச்சிட்டாங்க, ஏன்னும் புரியல.

பதில்: உங்க காது நல்லா இருக்கும்மா, நீங்க கேட்டது சரிதான். டிக்‌ஷனரில இருக்குற ‘பார்லே’தான் இன்ஃபினிடிவ், அதாவது யாரு பேசுறா எப்ப பேசுறான்னு எதுவும் சொல்லாத வடிவம். கடைசில இருக்குற இ.ஆர் ரெண்டு எழுத்தையும் கழட்டிட்டா ‘பார்ல்’னு அடி மிஞ்சும், அதுல வாலை ஒட்டணும்: நான்னா இ, நீன்னா இ.எஸ், அவன் அவள்னா இ, நாங்கன்னா ஓ.என்.எஸ், நீங்கன்னா இ.இசட், அவங்கன்னா இ.என்.டி. இப்ப அந்த ஆறு வரியையும் நோட்டுல ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதி வாய்விட்டு படிச்சுப் பாருங்க. ழெ பார்ல், தூ பார்ல், இல் பார்ல், நூ பார்லோன், வூ பார்லே, கடைசியா மறுபடி இல் பார்ல். அந்த இ.எஸ்ஸும் இ.என்.டியும் எழுத்துலதான் இருக்கு, வாயில வரவே வராது, அதனால நாலு இடத்துல ஒரே சத்தம்தான். (ழெ-ன்னு எழுதுறேன், ஆனா அது நம்ம ‘வாழை’ல வர்ற ழ இல்ல, ‘ஷ’வை தொண்டை அதிர சொன்னா வர்ற சத்தம்.)

இதுலதான் நம்மாளுங்க நிறைய பேர் தடுக்கி விழறாங்க. தமிழ்ல ‘பேசறேன்’னு சொன்னாலே போதும், வாலே யாருன்னு சொல்லிடும், ‘நான்’ தேவையில்ல. அந்த பழக்கத்துல பிரெஞ்சுலயும் ழெ, தூ எல்லாத்தையும் முழுங்கிட்டு வெறும் ‘பார்ல்’னு சொன்னா எதிர்ல இருக்குறவருக்கு யாரு பேசுறான்னே தெரியாது, இன்னும் சொல்லப்போனா ‘பேசு’ன்னு அவரை அதட்டுற மாதிரி கேக்கும். அதனால ஆளைச் சொல்ற அந்த சின்ன வார்த்தையை ஒருநாளும் விடாதீங்க.

அடுத்தது ‘ழெம் பார்ல்’ விஷயம். ஒரே ஆளுக்கு ரெண்டு வினை அடுத்தடுத்து வந்தா முதல் வினைக்குத்தான் வால், ரெண்டாவது அப்படியே இன்ஃபினிடிவ்ல நிக்கணும். எனக்கு பேசப் பிடிக்கும், ‘ழெம் பார்லே’. என்னால பேச முடியும், ‘ழெ பெ பார்லே’. நான் பேசப் போறேன், ‘ழெ வே பார்லே’. இந்த மூணாவதை பாருங்களேன், ‘போ’ங்கிற வினையை வச்சே சீக்கிரம் நடக்கப்போறதை சொல்றது அவங்க மொழியிலயும் இருக்கு நம்ம மொழியிலயும் இருக்கு, எனக்கு இது ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்தான்! ஸ்கூல்ல ‘செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’னு படிச்சோமே, பேச, சாப்பிட, பாட, அதேதான் இது. தமிழ்ல சொல்லிப் பாத்து ‘பேச’ன்னு வந்தா பிரெஞ்சுல பெரும்பாலும் ‘பார்லே’. சமையல் குறிப்புலகூட நாம ‘சேர்க்கவும், கலக்கவும்’னு அதே எச்சத்துல ‘உம்’ போட்டு எழுதுறோம், அவங்க ‘அழூத்தே, மேலான்ழே’ன்னு வெறும் இன்ஃபினிடிவ்லயே எழுதுவாங்க. ஆனா ஒரு இடத்துல இந்த வழி கைவிடும்: பேசாம வெளிய போனான்னு சொல்ல ‘சான் பார்லே’, பேசுறதுக்கு முன்னாடின்னு சொல்ல ‘அவான் த பார்லே’, இங்க தமிழ்ல ‘பேச’ வரல, அங்க இன்ஃபினிடிவ் வருது. இதை மட்டும் தனியா மனசுல வச்சுக்கங்க.

இன்னொண்ணு, இ.ஆர்ல முடியுறதெல்லாம் இப்படித்தான் நடக்கும்னு நம்பி ‘அலே’கிட்ட போயிடாதீங்க. போறதுங்கிற அந்த வினைக்கும் கடைசில இ.ஆர்தான், ஆனா அது ழெ வே, தூ வா, நூ அலோன்னு தன் இஷ்டத்துக்கு போகும்.

கேள்வி: பார்லே-ன்னு கேட்டா இ.ஆர் போடுறதா, இல்ல முடிஞ்சுபோனதுக்கு வர்ற, மேல கோடு போட்ட இ போடுறதா? டிக்டேஷன்ல இதுலயே மார்க் போகுது.

பதில்: பிரெஞ்சுக்கார பிள்ளைங்களே இதுல தப்பு பண்ணுவாங்க, அவங்களுக்கு ஸ்கூல்ல சொல்லித் தர்ற வழி ஒண்ணு இருக்கு. அந்த இடத்துல விற்கிறதுங்கிற வினையை வச்சுப் பாருங்க. ‘வான்த்ர்’ பொருந்தினா இ.ஆர், ‘வான்த்யூ’ பொருந்தினா கோடு போட்ட இ. அர்த்தம் கோணலா வந்தாலும் பரவால்ல, சத்தம் சரியா உக்காருதான்னு மட்டும் பாருங்க. முன்னாடி ‘வூ’ நின்னு, அந்த ‘நீங்க’தான் பேசுற ஆளுன்னா இ.இசட்; ‘உங்ககிட்ட பேச’ன்னு அர்த்தம் வந்தா ‘வூ’ முன்னாடி இருந்தாலும் இ.ஆர்தான்.

கேள்வி: சாப்பிடுறதுக்கு ‘மான்ழே’, நாங்கன்னு வரும்போது மட்டும் நடுவுல ஒரு இ ஏன் கூடுது?

பதில்: அந்த இ இல்லன்னா ஜி எழுத்துக்கு அடுத்து ஓ வந்து ‘மான்கோன்’னு ஆயிடும். ழ சத்தத்தை காப்பாத்தத்தான் நடுவுல இ. ஆரம்பிக்கிறதுங்கிற ‘கொமான்சே’லயும் இதே கதைதான், அங்க சி எழுத்துக்கு கீழ ஒரு சின்ன கொக்கி போடுவாங்க, இல்லன்னா அந்த ச அங்க க ஆயிடும்.