லினக்ஸ் டெர்மினலில் புளூடூத் ஹெட்போனை ‘பேர்’ (pair, முதல்முறை இணைத்தல்) செய்தாலும், ரீஸ்டார்ட் ஆனதும் தானாக இணையவில்லை. ஏன்?

பெரும்பாலும் ‘டிரஸ்ட்’ (trust) கட்டளை விட்டுப்போயிருக்கும். ‘பேர்’ செய்யும்போது இரு சாதனங்களும் ஒரு ரகசியச் சாவியைச் சேமித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். அடுத்த முறை ஹெட்போன் தானாக வந்து கதவைத் தட்டினால், கேள்வி கேட்காமல் உள்ளே விடச் சொல்வது ‘டிரஸ்ட்’தான்.

சரி, டெர்மினலில் ‘புளூடூத்சிடிஎல்’ (bluetoothctl) என்று டைப் செய்து அந்தப் புளூடூத் கருவிக்குள் போங்கள். ‘ஸ்கேன் ஆன்’ (scan on) கொடுத்தால் அருகிலுள்ள சாதனங்கள் ஒவ்வொன்றாக வரும். பெயருக்கு முன்னால் இரண்டிரண்டாகப் பிரிந்து நிற்கும் 12 எண்-எழுத்து முகவரிதான் முக்கியம். ‘டிரஸ்ட்’ அடித்து அந்த முகவரியைக் கொடுங்கள், அப்புறம் அதே முகவரியுடன் ‘கனெக்ட்’ (connect).

அப்படியும் அடம்பிடித்தால் பழைய சாவி பொருந்தாமல் இருக்கலாம். ‘ரிமூவ்’ (remove) அடித்து அந்த முகவரியைக் கொடுங்கள், ஹெட்போனிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டு, முதலிலிருந்து பேர் செய்யுங்கள். இதை ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டுத் தவிப்பவர்கள்தான் அதிகம்.

புளூடூத்தை இயக்கும் ‘பவர் ஆன்’ (power on) கட்டளையே தோற்றால், அந்தக் கருவியிலிருந்து வெளியே வந்து டெர்மினலில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ (rfkill list) பாருங்கள். புளூடூத் அங்கே முடக்கப்பட்டிருக்கலாம்.