எட்டுப் பேரும் சேர்ந்தே உச்சிக்கு?

அன்புள்ள அக்கா,

ஆல்ப்ஸ் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவன் நான். ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்யும் நண்பர்கள் எட்டுப் பேர், வரும் ஆகஸ்டில் ஒரு வாரம் விடுப்பெடுத்து மோன் பிளாங்க் ஏறுவதென்று பேசி வைத்திருக்கிறோம். ஐந்து பேருக்குப் பனிமலைப் பழக்கம் உண்டு. மூன்று பேர் கிராம்பன் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் உலோக முட்கள்) மாட்டியதே இல்லை. வழிகாட்டி வைத்தால் செலவு கட்டுப்படியாகாது, தெரிந்தவர்கள் தெரியாதவர்களைக் கயிற்றில் கட்டிக் கூட்டிப்போகலாம் என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். எட்டுப் பேரும் சேர்ந்தே உச்சியில் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது கிராம்பன் மாட்டாத மூவர் அல்ல. அதைக் கற்றுக்கொள்ளலாம். 'எட்டுப் பேரும் சேர்ந்தே' என்ற அந்த ஆசைதான்.

1820 ஆகஸ்டில் ஜோசப் ஹாமெல் என்ற ரஷ்ய விஞ்ஞானியும் சிலரும் அடிவாரத்து ஊரான ஷமோனியின் வழிகாட்டிகளோடு இதே மலையில் ஏறினார்கள். வானிலை கெட்டு, பாதி வழியில் பாறைமேல் அடைந்து கிடந்தார்கள். புதுப்பனி விழுந்திருந்தது. திரும்பிவிடலாம் என்ற பேச்சு எழுந்தும் மேலே போவதென்றே முடிவானது. செல்லிக் என்ற ஒருவர் மட்டும் வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுகொண்டார். போனவர்களின் காலடியில் சரிவு மொத்தமாகப் பெயர்ந்து, மூன்று வழிகாட்டிகளைப் பனிப்பிளவுக்குள் தள்ளியது. அவர்களின் எச்சங்களை பொஸ்ஸோன் பனியாறு 1861இல்தான், 41 ஆண்டுகள் கழித்து, அடிவாரத்தில் கொண்டுவந்து போட்டது. அந்த விபத்துக்கு அடுத்த ஆண்டுதான் ஷமோனி வழிகாட்டிகள் தங்களுக்கென்று சங்கம் அமைத்துக்கொண்டார்கள். மலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு குழுவிலும் ஒரு செல்லிக் இருக்க வேண்டும், அவர் பேச்சுக்கு மதிப்பும் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் குழுவில் அப்படி ஒருவர் இல்லை. பல வருடங்களுக்கு முன் ஆறு பேராகப் போனோம். ஒரு தோழிக்கு முந்தைய இரவே தலைவலி. தன்னால் மற்றவர்கள் பயணம் கெடக்கூடாதென்று வாய் திறக்கவில்லை. 4,000 மீட்டருக்கு மேல் அவள் வாந்தியெடுத்து உட்கார்ந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இறக்கிக்கொண்டுவர இருட்டிவிட்டது. அவள் பிழைத்தாள். ஆனால் அவள் சொல்லத் தயங்கும்படி நடந்துகொண்டவர்கள் நாங்கள். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இனி உங்கள் திட்டம். மோன் பிளாங்கின் வழக்கமான பாதையில், மலையேறுபவர்கள் இரவு தங்கும் தேத் ரூஸ் குடிலுக்கும் 3,835 மீட்டரில் உள்ள கூத்தே குடிலுக்கும் நடுவே கிராண்ட் குலுவார் என்ற பள்ளத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். அகலம் சுமார் நூறு மீட்டர்தான். ஆனால் பாறைகளைப் பிடித்து வைத்திருக்கும் உறைபனி வெயிலில் இளகியதும் மேலிருந்து கல் விழத் தொடங்கும். 2022 கோடையில் கல்மழை தாங்காமல் வழிகாட்டிகள் ஏற்றத்தை நிறுத்தினார்கள், இரண்டு குடில்களும் மூடப்பட்டன. வெப்ப அலை வரக்கூடிய ஆகஸ்டை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஜூன் கடைசி பரவாயில்லை.

அந்தப் பாதையில் கூடாரம் போடத் தடை. இரவு தங்கி ஏறுபவர்களுக்குக் குடிலில் படுக்கை முன்பதிவு கட்டாயம். எட்டுப் படுக்கை ஒரே இரவில் கிடைப்பது அபூர்வம். ஒரு வழிகாட்டி இங்கே இரண்டு பேரைத்தான் கூட்டிப்போவார். உங்களுக்கு நான்கு வழிகாட்டிகள் வேண்டும், செலவு கூடத்தான் செய்யும். அதற்காகப் புதியவர்களைப் பழகியவர்களின் கயிற்றில் கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். உச்சிக்குக் கீழே உள்ள வாலோ குடிலுக்கு மேலே முகடு ஒடுங்குகிறது. அங்கே ஒருவர் சறுக்கினால், நிறுத்தத் தெரியாதவரின் கயிறு எல்லோரையும் சேர்த்து இழுத்துவிடும்.

இந்த முறை இத்தாலியின் கிரான் பாரடீசோவுக்குப் போங்கள். 4,061 மீட்டர். வித்தோரியோ இமானுவேலே குடிலில் தங்கி விடியுமுன் கிளம்பலாம். வழக்கமான பாதையில் கடைசிப் பாறைப் பகுதி தவிர பெரும்பாலும் பனியாற்று நடைதான், அதனால் ஒரே வழிகாட்டி நான்கு பேர்வரை கூட்டிப்போவதுண்டு. அதற்குமுன் ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தில் எட்டுப் பேரும் சேருங்கள். உங்கள் ஊரிலேயே கிளை இருக்கிறது. பனியாற்றுப் பயிற்சியும் அங்கே கிடைக்கும், மீட்புச் செலவுக்கான காப்பீடும் உறுப்பினர் கட்டணத்திலேயே அடங்கும். ஒரு வாரத்தில் இரண்டு நாளையாவது வானிலைக்கென்று ஒதுக்கி வையுங்கள். உயரம் பழக இன்னும் இரண்டு நாள் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டாலே ஒரு வாரத்துக்குள் மோன் பிளாங்க் ஏன் அடங்காதென்று புரியும்.

கயிற்றுக்கு நான்கு பேராக இரண்டாகவோ, இரண்டு மூன்று பேராக மூன்றாகவோ பிரிந்துகொள்ளுங்கள். ஒரு கயிற்றில் யாராவது திரும்பலாம் என்றால் அந்தக் கயிறு முழுவதும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக் கூடாது, மற்றக் கயிறுகள் தங்கள் முடிவைத் தாங்களே எடுக்கட்டும். இதைப் பயணச்சீட்டு வாங்குமுன் பேசி முடித்துவிடுங்கள்.

அந்த மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், எட்டுப் பேர் கூடியிருக்கும் இடத்தில் வேண்டாம். உண்மையிலேயே வர விரும்புகிறார்களா என்று. என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா