மறு: பழைய வார்ப்பிரும்புக் குழாயில் ஓயாத எரிவாயுக் கசிவு

வணக்கம். இங்கிலாந்தில் உங்கள் தெருவிலுள்ள வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாயை மூன்று முறை தோண்டி அடைத்தும் வாடை போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அக்காலக் குழாய் இணைப்புகளில் சணல் கயிற்றைத் திணித்து, அதன்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றியிருப்பார்கள். நிலக்கரி வாயுவின் ஈரத்தில் ஊறிக் கிடந்த அந்தச் சணல், 1967 முதல் 1977 வரை நாடு உலர்ந்த இயற்கை எரிவாயுவுக்கு மாறியபின் காய்ந்து சுருங்கியதால், ஓர் இணைப்பை அடைத்தால் அடுத்தது கசியத் தொடங்குவதில் வியப்பில்லை. எரிவாயுவில் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருளின் ஆவியைக் கலந்து சணலை உப்பவைப்பதும், தேவை குறையும் இரவில் அழுத்தத்தைத் தாழ்த்துவதும் கசிவைக் குறைக்கும். ஆனால் என் பார்வையில் இவை ஒட்டுப்போடும் வேலைதான். கட்டடங்களிலிருந்து 30 மீட்டருக்குள் உள்ள இரும்புக் குழாய்களை மாற்றும் 30 ஆண்டுத் திட்டம் அங்கே 2002இல் தொடங்கியது; பல இடங்களில் பழைய குழாய்க்குள்ளேயே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகிவிடுவதால் தெரு முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. ஆகவே, நான்காவது அடைப்புக்கு ஒப்புக்கொள்ளாமல், உங்கள் தெருவின் முறை எப்போது வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.