மூன்று மெஷினில் தொடங்குங்கள்

கேள்வி: நானும் என் நாத்தனாரும் சேர்ந்து கம்மனஹள்ளியில் ஒரு சின்ன கஃபே திறக்கலாம் என்றிருக்கிறோம். தரைத்தளத்தில் 600 சதுர அடி கடை பேசி வைத்திருக்கிறோம். மாடியில் வீட்டுக்காரர் குடும்பம் இருக்கிறது. ஃபில்டர் காபி, சிற்றுண்டியோடு ஆறு பின்பால் மெஷின் (கண்ணாடிக்கு அடியில் சரிவான பலகையில் உருளும் எஃகுப் பந்தைப் பட்டனை அழுத்தி அடித்து ஸ்கோர் எடுக்கும் மெஷின்) போட ஆசை. நான்கை அமெரிக்காவிலிருந்து பழையதாக வரவழைத்து, இரண்டைப் புதிதாக வாங்கலாம் என்று திட்டம். மாதா மாதம் அதிக ஸ்கோர் எடுப்பவருக்கு ரொக்கப் பரிசும் கொடுக்க நினைக்கிறோம். கையில் 45 லட்சம் இருக்கிறது. எந்த இடத்தில் கோட்டை விடுவோம் என்று முன்கூட்டியே சொல்லுங்களேன்.
– கே.ஆர்., பானஸ்வாடி, பெங்களூரு

பதில்: அன்புள்ள சகோதரி, வாடகையைக் கட்டப்போவது காபியும் டிபனும்தான். மெஷின் செய்கிற வேலை வேறு: வந்தவரை இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வைக்கும், அடுத்த வாரம் நண்பரையும் கூட்டிக்கொண்டு வர வைக்கும். ஆனால் அது ஒழுங்காக ஓடினால்தான். பந்தை அடிக்கும் துடுப்பான ஃபிளிப்பர் சோர்ந்துபோன மெஷினில் காசு போட்டு ஏமாந்தவர் அந்த மெஷினை மட்டுமல்ல, கடையையே மறந்துவிடுவார். அதனால் ஆறு வேண்டாம், மூன்றில் தொடங்குங்கள். மெஷின் வாங்குவதைப் பணம் பார்த்துக்கொள்ளும். தினமும் அதைத் திறந்து பார்க்க உங்கள் இருவரில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கடை நிற்பதும் விழுவதும் அதில்தான் இருக்கிறது.

முதலில் இடம். வழக்கமான அளவு மெஷின் ஒன்று சுமார் 70 சென்டிமீட்டர் அகலம், 140 சென்டிமீட்டர் நீளம், ஸ்கோர் காட்டும் பின்பெட்டியை நிமிர்த்தினால் 190 சென்டிமீட்டர் உயரம், 110 கிலோவை ஒட்டிய எடை. இரண்டு மெஷினுக்கு நடுவே ஒரு சாண் விட்டால் போதும். முன்பக்கம்தான் பலர் தவறவிடுவது. மேல் கண்ணாடி 21 அங்குலத்துக்கு 43 அங்குலம். அது ஆடுபவர் நிற்கும் பக்கமாகத்தான் உருவி வெளியே வரும். முன்னால் மூன்றே அடி விட்டு மேசை போட்டுவிட்டால், சிக்கிய பந்தை எடுக்கக்கூட மேசையில் உட்கார்ந்திருப்பவரை எழுப்ப வேண்டியிருக்கும். மெஷினுக்கு முன்னால் நான்கடி காலியாக விடுங்கள். அந்தக் கண்ணாடி டெம்பர் செய்தது, அதாவது சூட்டில் உறுதியாக்கிய டஃபன்டு கண்ணாடி. நடுவில் தட்டினால் தாங்கும், ஆனால் மூலை டைல்ஸ் தரையில் இடித்தால் அப்படியே பொடிப்பொடியாக உதிரும். கழற்றினால் கம்பளத் துண்டின் மேல்தான் நிறுத்த வேண்டும். மாற்றுக் கண்ணாடியை உள்ளூரிலேயே டஃபன்டு கண்ணாடிக் கடையில் செய்துகொள்ளலாம். அசல் தடிமன் 3/16 அங்குலம், அதாவது 4.8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பழைய துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டி அளவு கொடுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஒரு எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு அந்தக் கடைக்குக் கூட்டிப் போங்கள். கடையின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா, மின்வாரியமான பெஸ்காமில் வாங்கிய லோடு எத்தனை கிலோவாட் என்று பில்லைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மெஷின் ஒன்றுக்கு 300 வாட் என்று கணக்கு வைத்தால் மூன்றுக்கும் சேர்த்து ஒரு கிலோவாட்டுக்குள் அடங்கும். லோடைத் தின்னப்போவது கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் இண்டக்‌ஷன் அடுப்பும்தான். மெஷினுக்கு முக்கியம் எர்த். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்திங்கைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். ஆடுபவரின் இரண்டு கையும் முழு நேரமும் உலோகச் சட்டத்தின் மேல்தான் இருக்கும். மெஷின்களுக்குத் தனி சர்க்யூட், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச்), ஒரு ஸ்டெபிலைசர். இந்தச் செலவில் கை வைக்காதீர்கள்.

பழைய மெஷின் நான்கு என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் எங்களுக்குக் கவலை. 1990களின் வில்லியம்ஸ், பேலி மெஷின்கள் ஆடுவதற்கு அருமையானவை. 1992இல் வந்த ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ 20,000க்கு மேல் விற்றது. இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் அவை அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தவை: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரின் ஜம்பரை (இணைப்புக் கம்பியை) மாற்றி 230 வோல்ட்டுக்குக் கொண்டுவரலாம். அதோடு முடிந்துவிடாது. மின் நுழைவாயிலில் இருக்கும் வேரிஸ்டர் (மிகை வோல்ட்டேஜைத் தடுக்கும் பாகம்) 130 வோல்ட்டுக்கானது. அதை 275 வோல்ட் ரகத்துக்கு மாற்றாமல் செருகினால் அது ஷார்ட் ஆகி ஃபியூஸைக் கொண்டுபோகும். மெயின் ஃபியூஸையும் கையேட்டில் 230 வோல்ட்டுக்குக் குறித்த அளவுக்கு இறக்க வேண்டும். பின்பெட்டியில் டியூப்லைட் இருந்தால் அதன் சோக்கும் இங்கே ஒத்துவராது, எல்.இ.டி. போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வாங்குவதற்கு முன்பே கட்டாயம் படம் கேட்டு வாங்க வேண்டியது: பின்பெட்டிக்குள் இருக்கும் சி.பி.யு. போர்டின் கிட்டத்துப் படம். அந்தத் தலைமுறை போர்டில் மூன்று ஏஏ பேட்டரி இருக்கும். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அவை கசிந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, கீழே உள்ள செம்புக் கோடுகளையும் ஐ.சி. சாக்கெட்டுகளையும் அரித்துவிடும். வெளியே பளபளவென்று மெருகேற்றிய மெஷினிலும் இது இருக்கலாம். படத்தில் பூத்திருந்தால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள். சுத்தமாக இருந்தால் வந்திறங்கியதும் பேட்டரியை எடுத்துவிட்டு, பேட்டரி தேவைப்படாத மெமரி சிப் போட்டுவிடலாம்.

புதிய மெஷினில் இந்தத் தலைவலி குறைவு. ஸ்டெர்ன் கம்பெனியின் இப்போதைய மெஷின்களில் பல வோல்ட்டேஜை ஏற்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை இருப்பதால் நம் மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளும். அடிப்படை மாடலின் விலை அமெரிக்காவில் 7,000 டாலரை ஒட்டி இருக்கிறது. நம் பணத்தில் 6 லட்சம் ஆகிவிடும். கப்பல் வாடகை, சுங்கம், ஜி.எஸ்.டி. தனி. பின்பால் மெஷின் சுங்க அட்டவணையில் 9504 என்ற தலைப்பின் கீழ் வரும். உங்கள் பெயரிலோ கடைப் பெயரிலோ ஐ.இ.சி. என்ற இறக்குமதி-ஏற்றுமதி எண் வேண்டும். பழைய பொருளுக்கு இறக்குமதி விதி வேறு, அனுமதி கேட்கவும் கூடும். அதனால் விற்பவருக்குப் பணம் அனுப்புவதற்கு முன் கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிச் சரக்கைத் துறைமுகத்தில் தேங்கவிட்டால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். எங்கள் யோசனை: புதியது இரண்டு, இந்தியாவிலேயே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழையது ஒன்று. பழையதை நேரில் போய், கண்ணாடியைக் கழற்றி, ஒரு மணி நேரம் சூடேற விட்டு ஆடிப் பார்த்து வாங்குங்கள்.

ஏன் ஒரு மணி நேரம்? ஃபிளிப்பரின் கோளாறு சூட்டில்தான் வெளியே வரும். பட்டனை அழுத்தியதும் காயில் என்ற கம்பிச் சுருளுக்குள் ஒரு இரும்புத் தண்டு பாய்ந்து, கடைசியில் காயில் ஸ்டாப் என்ற கட்டியில் போய் இடிக்கும். ஆயிரக்கணக்கான அடி விழுந்ததும் தண்டின் நுனி காளான் குடைபோல விரிந்துவிடும். உள்ளே இருக்கும் நைலான் ஸ்லீவில் உரசும். உரசலில் கருப்புத் தூள் சேரும். காலையில் நன்றாக அடிக்கும் ஃபிளிப்பர் சாயங்காலம் சரிவுப் பாதையில் பாதி தூரம்கூடப் பந்தை ஏற்றாது. பல பேர் இந்த நிலையில் எண்ணெய் ஸ்பிரே அடிக்கிறார்கள். அது தூளோடு சேர்ந்து பசையாகிக் காரியத்தைக் கெடுக்கும். ஸ்லீவ், தண்டும் இணைப்பும், ஸ்டாப், புஷ், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த ரீபில்ட் கிட் ஒன்றை மாற்றினால் பழைய வேகம் திரும்பிவிடும். பழகிவிட்டால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேர வேலை. மெஷினுக்கு ஒரு கிட் எப்போதும் அலமாரியில் இருக்கட்டும்.

காயில் எரியும் வாடை வந்தால் உடனே மெயின் ஸ்விட்சை அணையுங்கள். காயிலுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி காயில் ஓயாமல் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கும். காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் எரியும். டிரான்சிஸ்டரையும் பார்க்க வேண்டும். போன ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவது தீயைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வது. ஃபியூஸ், டயோடு, டிரான்சிஸ்டர், கனெக்டர் எல்லாம் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். கிடைக்காதவை அமெரிக்க அளவுத் திருகும் நட்டும். நம் ஹார்டுவேர் கடையில் இருப்பது மெட்ரிக், அதை வைத்து முறுக்கினால் மரை போய்விடும். 6-32, 8-32 திருகுகள் ஒரு டப்பா, 1/4, 5/16, 11/32 அங்குல நட் டிரைவர்கள், ரப்பர் செட், பந்து ஒரு டஜன் ஆகியவற்றை மெஷினோடு சேர்த்தே வரவழைத்துவிடுங்கள்.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் சுத்தம்தான். பந்து 27 மில்லிமீட்டர் எஃகு, 80 கிராம். அதில் கீறலும் குழியும் விழுந்தால் அதுவே அரமாகி ஆடுகளத்தின் பெயிண்டைச் சுரண்டும். நகத்தால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பு தெரிந்த அன்றே மாற்றுங்கள்; பந்து மலிவு, ஆடுகளம் மலிவல்ல. வாரம் ஒருமுறை உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பது, மாதம் ஒருமுறை அரைப்புப் பொருள் கலக்காத கார்னோபா மெழுகு பூசுவது போதும். தண்ணீரும் கண்ணாடி கிளீனரும் மரப்பலகை பக்கமே போகக் கூடாது. ஆடுகளத்தின் சரிவு 6.5 டிகிரி இருக்க வேண்டும், பக்கவாட்டில் மட்டம் துல்லியமாக இருக்க வேண்டும். ரசமட்டத்தைக் கண்ணாடி மேல் வைக்காமல் ஆடுகளத்தின் மேலேயே வையுங்கள். உள்ளே கை விடும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்.

இப்போது பரிசு விஷயம். ரொக்கத்தை மறந்துவிடுங்கள். பெங்களூரில் வீடியோ கேம் பார்லர்களுக்குப் போலீஸ் கமிஷனரின் லைசென்ஸ் வேண்டும் என்ற 1989 ஆணையை, எம்.ஜே. சிவானி வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்திருக்கிறது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி அந்த வழக்கிலேயே அலசப்பட்டது. பின்பால் திறமை ஆட்டம்தான். நியூயார்க்கில் 1940களில் சூதாட்டம் என்று தடை செய்து, 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தினர் முன்னால் பந்து எந்த வழியில் போகும் என்று சொல்லி அடித்துக் காட்டிய பிறகுதான் தடையை நீக்கினார்கள். ஆனால் அந்த வாதத்தை உங்கள் கடை வாசலில் நின்று இன்ஸ்பெக்டரிடம் நடத்தும் நிலை வரவே கூடாது. ஆட்டம் முடிந்ததும் கடைசி இரண்டு இலக்கம் பொருந்தினால் இலவச ஆட்டம் தரும் ‘மேட்ச்’ என்ற ஏற்பாடு மெஷினில் இருக்கிறது. அது சுத்த அதிர்ஷ்டம். காசுக் கதவுக்குள் உள்ள சர்வீஸ் பட்டன்களால் மெனுவுக்குள் போய் அதைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். ஜெயித்தவர் பெயரைச் சுவரில் எழுதுங்கள், அது போதும். லைசென்ஸ் எது எது வேண்டும் என்று இந்தத் துறை தெரிந்த வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்கிய பிறகே அட்வான்ஸ். மாநகராட்சி டிரேட் லைசென்ஸ், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவுப் பாதுகாப்பு அனுமதி, கடைகள் சட்டப் பதிவு வழக்கம்போல. பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும்.

மாடி வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசுங்கள். இலவச ஆட்டம் கிடைக்கும்போது ‘டக்’கென்று மரத்தில் அடிக்கும் நாக்கர் சத்தம் காங்கிரீட் வழியாக ஏறும். அதை அணைத்துவிடலாம். கால்களுக்கு அடியில் ரப்பர் கிண்ணமும் வையுங்கள். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 மணிக்கு மேல் அனுமதி 45 டெசிபல்தான், அதற்குள் மெஷினை அணைத்துவிடுவது நல்லது.

வருமானத்தைக் குறைத்தே போடுங்கள். ஆட்டம் 50 ரூபாய், ஒரு மெஷினுக்கு வார நாளில் 10 ஆட்டம், சனி ஞாயிறில் 30 என்று வைத்தால் மாதம் 460 ஆட்டம், 23,000 ரூபாய். மூன்றுக்கும் 69,000. வரி, உதிரிபாகம், கரண்ட் போக மிச்சத்தை வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மீதியைச் சமையலறை கொண்டுவர வேண்டும். சொந்த டோக்கன் அடித்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் டோக்கன் வாங்க வருபவர் காபியும் கேட்பார். மணிக்கணக்கு பாஸ் வார நாள் மதியத்துக்கு மட்டும்; வார இறுதியில் கொடுத்தால் இரண்டு பேர் மெஷினைப் பிடித்துக்கொண்டு மற்றவர் கியூவில் நிற்பார்கள்.

மெனுவில் எண்ணெய் பலகாரத்தைக் குறையுங்கள். பஜ்ஜியும் காங்கிரஸ் கடலையும் (மசாலா போட்ட வேர்க்கடலை) பெங்களூரில் நன்றாக விற்கும், ஆனால் அந்தக் கைதான் பட்டனைத் தொடும். அதைவிட மோசம் பொரிக்கும் புகை: கண்ணுக்குத் தெரியாமல் ஆடுகளத்திலும், ஒளியால் பந்தைக் கண்டறியும் ஆப்டோ சென்சாரிலும் படியும், மெஷின் பந்தைக் காணோம் என்று தேடத் தொடங்கும். பன் பட்டர், சாண்ட்விச், இட்லி என்று போகலாம். காபி டம்ளரைக் கண்ணாடி மேல் வைக்க யாரையும் விடாதீர்கள். மெஷின் காலில் மாட்டும் கப் ஹோல்டர் கிடைக்கிறது.

முதல் மெஷின் வந்திறங்கியதும் கடை திறப்பதற்கு முன் இரண்டு வாரம் நண்பர்களை விட்டு நாள் முழுக்க ஆட விடுங்கள். டெம்போவில் ஏற்றும் முன் பந்துகளை எடுத்திருக்கிறார்களா, பின்பெட்டியை மடக்கியிருக்கிறார்களா என்று பார்க்க மறக்க வேண்டாம். அந்த இரண்டு வாரத்தில் எது தளர்கிறது, எது நிற்கிறது, சரிசெய்ய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று உங்கள் நாத்தனாரை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, மூன்றாவது மெஷினை அந்த நோட்டைப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யலாம்.