கேஸ் மாத்திரையை நிறுத்தினால் மூன்றாம் நாளே எரிகிறதே, ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. நான்கு வருடத்துக்கு முன் மூட்டுவலிக்கு மாத்திரை கொடுத்தபோது, காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லி பான்டோபிரசோல் 40-ம் எழுதினார்கள். வலி மாத்திரை ஆறு மாதத்தில் நின்றுவிட்டது. கேஸ் மாத்திரை மட்டும் இன்றுவரை ஓடுகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார். இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், ஞாபக மறதி வரும் என்று வாட்ஸப்பில் வந்ததைப் பார்த்துப் பயந்து நிறுத்தினார். மூன்றாம் நாளே நெஞ்செரிச்சல் தாங்காமல் மறுபடி ஆரம்பித்துவிட்டார். தொடரலாமா, நிறுத்தலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் அம்மாவுக்கு இந்த மாத்திரை இப்போது தேவையில்லை. ஆனால் அதற்குக் காரணம் வாட்ஸப் சொன்னது அல்ல. வலி மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கும். அதைத் தடுக்கத் துணைக்கு வந்த மாத்திரை இது. வந்த விருந்தாளி ஊருக்குப் போய்விட்டார், துணைக்கு வந்தவர் மட்டும் நான்கு வருடமாக வீட்டிலேயே இருக்கிறார். ராயபுரம், காசிமேடு பக்கமிருந்து என்னிடம் வருகிறவர்களின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தால் இந்தக் கதையைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். "யார் எழுதினாங்க?" என்று கேட்டால், "அது எப்பவும் போடறதுதானே டாக்டர்" என்பார்கள்.

முதலில் அந்த மூன்றாம் நாள் எரிச்சல். வயிற்றின் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ராபிப்ரசோல் எல்லாமே அந்தப் பம்பை அடைக்கும் மருந்துகள்தான். அமிலம் குறைந்ததும் உடம்பு சும்மா இருப்பதில்லை. காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, அமிலம் சுரக்கச் சொல்லித் தூண்டிக்கொண்டே இருக்கும். மாத்திரை இருக்கும்வரை அது தெரியாது. திடீரென்று நிறுத்தினால் பழைய அளவைவிட அதிகமாக அமிலம் கொட்டும்.

இதை டென்மார்க்கில் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேர். ஒரு பாதிக்கு எட்டு வாரம் இதே வகை எசோமிப்ரசோல், அப்புறம் நான்கு வாரம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மறுபாதிக்கு முழுக்க வெற்று மாத்திரைதான். கடைசி நான்கு வாரத்தில், மருந்து எடுத்து நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், புளிச்ச ஏப்பம் போன்ற தொந்தரவு வந்தது. மற்றவர்களில் 15 சதவீதம்தான். யோசித்துப் பாருங்கள், நன்றாக இருந்தவர்களுக்கே இந்த மாத்திரையை நிறுத்தியதால் நெஞ்செரிச்சல் வந்திருக்கிறது! ஆகவே அம்மாவுக்கு எரிந்ததை வைத்து, நோய் இன்னும் இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் சில வாரங்களில் அது தானாக அடங்கும்.

சரி, கிட்னியும் மறதியும்? அந்தச் செய்தி வெறும் புரளி இல்லை. 2016-இல் அமெரிக்க ஆய்வொன்று நாள்பட்ட கிட்னி நோயையும், ஜெர்மன் ஆய்வொன்று முதியவர்களின் மறதி நோயையும் இந்த மருந்துகளோடு தொடர்புபடுத்தின. ஆனால் இரண்டும், மாத்திரை எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் தள்ளி நின்று ஒப்பிட்டவை. இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏற்கனவே சர்க்கரை, பிரஷர், பருமன், வேறு பத்து மாத்திரை என்று இருப்பது வழக்கம். கெட்டது எதனால் நடந்தது என்று அப்படிப் பார்த்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த பெரிய சோதனை 2019-இல் வந்தது. இதய, ரத்தக்குழாய் நோயுள்ள 17,598 பேர், ஏறக்குறைய மூன்று வருடம், பாதிப் பேருக்குத் தினமும் உங்கள் அம்மா போடும் அதே பான்டோபிரசோல் 40. எலும்பு முறிவு, நிமோனியா, கிட்னி நோய், மறதி எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மூன்று வருடம்தானே, பத்து வருடம் எடுத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்டால், அதற்கு இந்தச் சோதனையில் பதில் இல்லை.

வித்தியாசம் தெரிந்தது ஒன்றில்தான்: குடல் தொற்று. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 1.0 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 1.4. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் வயிற்று அமிலம் கிருமிகளைக் கொல்லும் முதல் காவல். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தேங்கிய தண்ணீர் குழாய்த் தண்ணீரோடு கலக்கும் நம் வட சென்னைப் பகுதிகளில், அந்தக் காவலைக் காரணமில்லாமல் எடுத்துவிடுவானேன்? எனக்குக் கிட்னி பயத்தைவிட இந்தக் கவலைதான் பெரிது.

இன்னொன்று பி12. மீனிலும் முட்டையிலும் உள்ள பி12-ஐப் புரதத்திலிருந்து பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். "தினமும் மீன் சாப்பிடறோமே" என்றாலும் உடம்பில் சேராமல் போகலாம். மெட்ஃபார்மினும் தன் பங்குக்கு பி12-ஐக் குறைக்கும். அம்மா இரண்டையும் எடுக்கிறார். பாதம் மதமதப்பு, களைப்பு இருந்தால் எல்லாம் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல் பி12 அளவு பாருங்கள். கூடவே கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், மெக்னீசியமும்.

இனி நிறுத்தும் வழி. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயரோடு 'டி' அல்லது 'டிஎஸ்ஆர்' என்று ஒட்டியிருந்தால் உள்ளே வாந்தியைத் தடுக்கும் டோம்பெரிடோன் என்ற மருந்தும் இருக்கிறது. அது இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கக்கூடியது. பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-இலேயே சொல்லிவிட்டது. அதை வருடக்கணக்கில் போடுவதற்கு நியாயமே இல்லை. டாக்டரிடம் கேட்டு வெறும் பான்டோபிரசோலுக்கு மாறுங்கள். அப்புறம் இரண்டு வாரம் 20 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்தம். நடுவில் எரிந்தால் சர்க்கரை சேர்க்காத ஆன்டாசிட் டானிக் இரண்டு ஸ்பூன் போதும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் விடச் சொல்லுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவதும், இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவும். வயிறு உப்புசம்தான் அவருடைய தொந்தரவு என்றால், இந்த மாத்திரை ஆரம்பத்திலிருந்தே அதற்குப் பெரிதாக உதவியிருக்காது.

ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், முன்பு குடல்புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ப் புண் கடுமை என்று சொல்லப்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு இது உயிர்காக்கும் மருந்து.

நிறுத்தி இரண்டு மாதமாகியும் எரிந்தால் வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சுப் பரிசோதனை என்றால் அதற்கு இரண்டு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். சாப்பாடு தொண்டைக்குக் கீழே சிக்குவது, மலம் கறுப்பாகப் போவது, எடை குறைவது, ரத்தசோகை இதில் எது இருந்தாலும் இரண்டு மாதம் காத்திருக்காமல் ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் இரைப்பை, குடல் நோய்ப் பிரிவில் காட்டுங்கள். படி ஏறும்போது எரிந்து, நின்றால் அடங்குகிற எரிச்சல் வயிற்றுடையது அல்லாமல் இதயத்துடையதாக இருக்கலாம். உடனே ஈசிஜி எடுங்கள். வியர்வையோடு நெஞ்சு அடைத்தால், சர்க்கரை உள்ளவர் என்பதால், கேஸ் என்று சோடா வாங்கிக் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.