திருகோணமலைக் கடலில் நீந்திப் பழகியவர்கள் மலைநாட்டு நீர்த்தேக்கக் கரையில் இறங்கிக் குளிக்கலாமா?

ஓகஸ்ட் விடுமுறையில் வேன் பிடித்துப் பிள்ளைகளோடு ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போக யோசனை, எல்லாருக்கும் நீந்தத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் மாதத்தை மாற்றுங்கள். நம் திருகோணமலை உப்புவெளியில் கடல் அடங்கிக் கிடக்கும் மே முதல் செப்டெம்பர் வரைதான் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும். தேக்கம் விளிம்பு வரை நிற்கும், கரையே இருக்காது. வான்கதவும் திறக்கலாம், அதனால் அணைக்குக் கீழே ஆற்றில் கால்கூட வைக்காதீர்கள். கரை அகன்று கிடப்பது பெப்ரவரி, மார்ச்சில். பக்கத்து மவுசாகலை நீர்த்தேக்கத்தில் நன்றாக வற்றினால் தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியாக் கோயிலும் வெளியே தெரியும்.

அந்தக் கரை நிலாவெளி மணல் இல்லை. தண்ணீர் இறங்கியதும் வெளிப்படும் மலைச்சரிவு அது. மேலே காய்ந்து வெடித்த மண், கீழே சேறு. முழங்கால் வரை புதைந்தால் உதறாமல் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக மெல்ல இழுக்க வேண்டும். தண்ணீருக்குள் மரக்கட்டை, பழைய வடிகால், பாதை எல்லாம் இருக்கும். தலைகீழாகக் குதிக்கவே கூடாது. இடுப்பளவில் நிற்கிறவர் இன்னும் இரண்டு எட்டு வைத்தால் நிலையில்லாமல் போகலாம்.

"கந்தளாயில் நீந்தாததா?" என்று யாராவது வரக்கூடும். கந்தளாய், தட்டையான நிலத்தில் அணை கட்டித் தேக்கிய குளம். காசல்ரீ பள்ளத்தாக்கை மறித்தது. ஆழம் போகும் விதமே வேறு.

நன்னீர் கடல்நீரைப்போல் உடம்பைத் தூக்காது. கடலில் சும்மா மல்லாந்து மிதக்கிறவர் இங்கே கால் அடித்தால்தான் நிற்பார். ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள தண்ணீர் என்பதால் குளிரும் சேரும். திடீரென்று பாய்ந்தால் மூச்சு வாங்கும், அந்த நேரம் தண்ணீரையும் குடித்துவிடுவீர்கள். முகம், கழுத்து நனைத்து மெல்ல இறங்குங்கள். மேலே இளஞ்சூடாக இருந்தாலும் கீழே குளிர்தான், கெண்டைக்கால் குறண்டிவிடும். கரையை ஒட்டியே நீந்துங்கள், அக்கரை போட்டி வேண்டாம். டயர் டியூப் வேண்டவே வேண்டாம், காற்று நடுவுக்குத் தள்ளிவிடும்.

15 மீட்டர் நைலோன் கயிறும் 5 லீற்றர் தண்ணீர்க் கானும் கொண்டுபோங்கள். கானில் கால்வாசி தண்ணீர் விட்டு மூடியை இறுக்கிக் கயிற்றில் கட்டினால் தூர எறியலாம், மிதக்கவும் செய்யும். ஒருவர் தத்தளித்தால் இதை எறியுங்கள், பின்னால் பாயாதீர்கள். இறங்க அனுமதி உண்டா என்று உள்ளூரில் கேளுங்கள். அணைக்கட்டின் அருகே இறங்கவே கூடாது. தண்ணீரில் இறங்காமல் பொழுதுபோக்க என்றால் நுவரெலியா கிரகறி வாவியில் படகு இருக்கிறது, உயிர்காப்பு அங்கி போட்டே ஏறுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். உப்புவெளியில் வெளியூர்க்காரர் போட்ட போத்தலைப் பார்த்துக் கொதிக்கிற நாங்களே அங்கே சோத்துப் பார்சல் தாளையும் உடைந்த போத்தலையும் விட்டு வருகிறோம். அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நடப்பது தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகள். குப்பைக்கு ஒரு உரப்பை எடுத்துப் போங்கள்.

திருகோணமலையிலிருந்து கண்டி வரையே ஏறத்தாழ 180 கிலோமீற்றர், அதற்கு மேல் வளைவுப் பாதை. ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். திரும்பும்போது ஹபரணையிலிருந்து கந்தளாய் வரை பின்னேரம் ஐந்துக்கு முன் கடந்துவிடுங்கள், பிறகு யானை றோட்டில் நிற்கும்.