பேச்சு வானொலியைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், தம்பி

தம்பி, காரைக்குடியிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். கூட வேலைக்கு வருபவர் காரில் போடும் வானொலியில் ஒருவர் அரசியல்வாதிகளையும் அரசாங்கத்தையும் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே வருகிறார், அவரைக் கைது செய்ய மாட்டார்களா, அதைக் கேட்டால் விசாவுக்கு ஏதும் வருமா என்பது உங்கள் கேள்வி.

கேட்பதால் ஒன்றும் வராது. தேவகோட்டையிலிருந்து வந்த புதிதில் எனக்கும் படபடப்பாகத்தான் இருந்தது. நம் ஊர் தனியார் பண்பலைக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி கிடையாது. ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். பாட்டும் அரட்டையும் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தப் பேச்சு புதுசு.

இங்கும் முன்பு இப்படி இல்லை. சர்ச்சையான விஷயத்தைப் பேசினால் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று 1949 முதல் ஒரு விதி இருந்தது. 1987ல் அதைக் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டே ரஷ் லிம்பா என்ற வானொலிப் பேச்சாளர் நாடு முழுக்கப் பேசத் தொடங்கினார். பாட்டெல்லாம் பண்பலைக்குப் போய்விட, கேட்க ஆளில்லாமல் கிடந்த ஏஎம் (மத்திய அலை) நிலையங்களுக்கு இந்தப் பேச்சுதான் உயிர் கொடுத்தது. அதிலும் நீங்கள் வந்திருப்பது டெக்சாஸ். 1876ல் எழுதிய அரசியல் சட்டத்தை இன்னமும் வைத்திருக்கும் மாநிலம். சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 140 நாள்தான் கூடும். சிறப்புக் கூட்டம் தனி. அரசாங்கத்தின் கையைக் கட்டிவைக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே ரத்தத்தில் ஊறியது.

நமக்கும் அது புதிதா என்ன? எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர். சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்தால் ஒரே பேச்சுதான்: அரசாங்கம் நினைத்தால் ஒரு கையெழுத்தில் எல்லாம் போய்விடும். பர்மாவில் 1948ல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்ததே, அந்தக் கதை. சின்ன வயதில் அதை அப்படியே நம்பினேன். பிறகு படித்தபோதுதான் மீதிப் பாதி தெரிந்தது. 1930ல் நெல் விலை விழுந்து, கடனை அடைக்க முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம், கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கைக்கு வந்திருக்கிறது. சில வருடங்களில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம். ஐயா பொய் சொல்லவில்லை. வரவுப் பக்கத்தைக் காட்டாமல் பற்றுப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினார்.

வானொலிக்காரரும் அதைத்தான் செய்கிறார் என்பது என் எண்ணம். அவருடைய சந்தேகம் நல்லது, தேவையானதும்கூட. அதிகாரத்தில் இருப்பவனை ஒருவன் தினமும் கேள்வி கேட்பது எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விஷயம். ஆனால் எதிர்க்கட்சிக்காரனிடம் காட்டும் சந்தேகத்தைத் தன் கட்சிக்காரனிடம் அவர் காட்டுகிறாரா என்று பாருங்கள். ஒரு வருடம் வீட்டு வரி ஏறியபோது, அரசாங்கம் சுரண்டுகிறது என்று வானொலியில் ஒருவர் கத்தினார். எனக்கும் கோபம் வந்தது. ரசீதைப் பிரித்துப் பார்த்தால் அதில் பெரிய பங்கு பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்கு. என் இரண்டு பிள்ளைகளும் படித்த பள்ளி. இந்த மாநிலத்தில் வருமான வரி கிடையாது, அதனால் வீட்டு வரி கனமாகத்தான் இருக்கும். அதை அவர் சொல்லவே இல்லை. அன்றிலிருந்து கோபம் வந்தால் முதலில் ரசீதை எடுக்கிறேன்.

அலுவலகத்தில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், கட்சி கட்ட வேண்டாம். ஆறு மாதம் போகட்டும், மனிதர்கள் பழகட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் உண்மையில் விசாவைத் தொடும் விஷயம். ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும்போது, வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்பார்கள். 1993ல் வந்த சட்டப்படி எல்லாரிடமும் கேட்பதுதான். குடிமகன் இல்லாதவர் தெரியாமல் 'ஆம்' போட்டாலும் பின்னால் பெரிய சிக்கல். பச்சை அட்டை (கிரீன் கார்டு) வரும்வரை தேர்தல் நன்கொடையும் கூடாது, பத்து டாலர்கூட. அடுத்த வாரம் உரிமத்துக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.